தேயிலைத் தோட்டத்துல பச்சை கேப் போட்ட ஹீரோ: சூப்பர்ஹீரோ படத்துக்கு கலரும் செட்டும் யோசிக்கறது எப்படி, முழு வழிகாட்டி

முதல்ல எங்க மானக்கேட்ட சொல்லிடறேன், அப்பதான் இந்த வழிகாட்டி எதுக்குன்னு புரியும். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல நாங்க நாலஞ்சு பேரு சேந்து 12 நிமிஷ ஷார்ட் ஃபிலிம் எடுத்தோம், சூப்பர்ஹீரோ கதை. ஹீரோவோட அம்மா கொழுந்து பறிக்கறவங்க, பையன் மண்ணின் மைந்தன், அதனால அவனுக்கு தேயிலைப் பச்சைல கேப், அதான் முதுகுல தொங்கற சால்வை, போட்டா எவ்ளோ அர்த்தமா இருக்கும்னு எல்லாருமே தலையாட்டினோம், கோயமுத்தூர் போய் பளபளன்னு சாட்டின் துணி எடுத்துட்டு வந்து தைச்சும் ஆச்சு. காலைல 7 மணி, மிஸ்ட் விலகி வெயில் லேசா விழுது, ஆக்‌ஷன் சொன்னதும் பையன் தோட்டத்துக்கு நடுவுல உயிரக் குடுத்து ஓடறான், மானிட்டர்ல பாத்தா ஒரு தலை மட்டும் செடி மேல மிதந்துட்டு போகுது. பக்கத்து வரிசைல பறிச்சிட்டிருந்த அக்கா ஒருத்தங்க "ஏந்தம்பி, அந்தப் பையன் எங்க போனான்"னு கேட்டாங்க.

சிவகாசில இருந்து 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப வந்த இரும்புக்கை மாயாவிய ஞாபகம் இருக்கா, கரண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு கை மட்டும் தெரியும்ல? எங்க ஆளுக்கு தலை மட்டும்.

ஊட்டிக்கு ஷூட்டிங் வர்ற யூனிட்டுகள்ல ஆர்ட் டிபார்ட்மென்ட் அசிஸ்டென்டா ஏழெட்டு வருஷம் பெயின்ட் டப்பா தூக்கினவன் நான், எனக்கே இந்த கதின்னா பாத்துக்கோங்க. அன்னைக்கு கத்துக்கிட்ட ஒரே விஷயம் தான் கீழ இருக்கற எல்லாத்துக்கும் அடிப்படை: ஹீரோவுக்கு ஒரு கலர குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கலர ஊர்ல இருந்து புடுங்கணும். புடுங்கற வேலைக்கு பேரு தான் ப்ரொடக்‌ஷன் டிசைன், நம்ம ஆளுங்க ஆர்ட் டைரக்‌ஷன்னு சொல்றது.

ஏன் சூப்பர்ஹீரோ படத்துக்கு மட்டும் இவ்ளோ பாடு

மத்த படத்துல கலர் பின்னாடி ஒளிஞ்சு நிக்கும், சூப்பர்ஹீரோ படத்துல அத ஹீரோ உடம்புல மாட்டிக்கிட்டு வர்றான். இது சினிமால ஆரம்பிச்சது இல்ல, அச்சகத்துல ஆரம்பிச்சது. 1938ல சூப்பர்மேன் வந்தப்ப காமிக்ஸ் அடிச்சது மட்டமான நியூஸ்பிரின்ட் தாள்ல, நாலே மை தான், அந்த மோசமான அச்சுலயும் கண்ணுல அடிச்ச மாதிரி தெரியணும்னா நல்ல சிவப்பு, நீலம், மஞ்சள் வேணும். ஹல்க் கதை இன்னும் வேடிக்கை, 1962ல முதல் இதழ்ல அவன் சாம்பல் கலர், ஆனா அச்சுல ஒரு பக்கத்துல ஒரு மாதிரி இன்னொரு பக்கத்துல இன்னொரு மாதிரி சாம்பல் விழுந்ததால அடுத்த இதழ்ல பச்சையா மாத்திட்டாங்க. உலகமே இன்னைக்கு பச்சைன்னு நினைக்கற ஒருத்தன் மிஷின் ஒத்துழைக்காததால பச்சையானவன்.

அதுக்குள்ள ஒரு பழக்கமும் வந்துச்சு, ஹீரோக்களுக்கு சிவப்பு நீலம் மஞ்சள்னு அடிப்படைக் கலர், வில்லன்களுக்கு பச்சையும் ஊதாவும். ஜோக்கர், க்ரீன் காப்ளின், லெக்ஸ் லூதர்னு வரிசையா யோசிச்சு பாருங்க. சட்டம்லாம் கிடையாது, ஹல்க்கே விதிவிலக்கு, ஆனா பாக்கறவன் கண்ணுக்கு இந்தப் பழக்கம் ஏறிப் போயிருக்கு, நீங்க அத மதிச்சாலும் சரி மீறினாலும் சரி, தெரிஞ்சு செய்யணும்.

படி 1: ஊரோட கலர் கணக்கு எடுங்க

கதை எழுதி முடிச்ச கையோட காஸ்ட்யூம் வரைய உக்காராதீங்க. லொகேஷனுக்கு போங்க. காலைல 7, மத்தியானம் 12, சாயங்காலம் 4, அப்புறம் மிஸ்ட் எறங்கினப்ப ஒருவாட்டி, ஒரே எடத்துல நின்னு மொபைல்ல போட்டோ எடுங்க. ராத்திரி ரூம்ல உக்காந்து அந்த போட்டோவ ஸ்டாம்ப் சைஸுக்கு சுருக்குங்க, இல்லன்னா நல்லா மங்கலாக்குங்க. செடி, வீடு, ரோடு எல்லாம் அழிஞ்சு வெறும் கலர் திட்டு தான் மிஞ்சும், அது தான் உங்க உலகம், எது எவ்ளோ எடம் பிடிச்சிருக்குன்னு ஒரு நோட்டுல குத்துமதிப்பா எழுதுங்க.

எங்க எஸ்டேட்டுக்கு வந்த கணக்கு: முக்கால்வாசி பச்சை, அதுலயும் ரெண்டு, கொழுந்துக்கு மஞ்சள் கலந்த இளம்பச்சை, முத்தின இலைக்கு கரும்பச்சை. ஊடால செம்மண் பாதை. தொழிலாளருங்க குடியிருக்கற லைன் வீட்டு தகரக் கூரைல ரெட் ஆக்ஸைடு. சில்வர் ஓக் மரத்தோட சாம்பல் தண்டு. வானம் பாதி நாள் வெறும் வெள்ளை. தூரத்து மலை நீலம், அது பெயின்ட் அடிச்ச மாதிரி நீலமா தெரியறதுக்கு காரணம் நடுவுல இருக்கற காத்து நீல ஒளிய நிறைய சிதறடிக்கறது தான், நீலகிரிங்கற பேர எல்லாரும் குறிஞ்சிப் பூவோட தான் சேத்து சொல்லுவாங்க, ஆனா அந்தப் பூ 12 வருஷத்துக்கு ஒருவாட்டி, 2018ல பூத்தது, அடுத்தது 2030, தூரத்து நீலம் தெனமும் இருக்கு. அது இலவசமா கிடைக்கற பேக்ட்ராப், மறந்துடாதீங்க.

ஊட்டி மெயின் பஜார்ல இதே கணக்க எடுத்தேன், தலை சுத்திருச்சு. போர்டு, ஸ்வெட்டர், வர்க்கி பாக்கெட், ஆட்டோ, குடை, எல்லா கலரும் சம அளவு. அங்க சூப்பர்ஹீரோவ நிறுத்தினா அவனும் ஸ்வெட்டர் விக்க வந்தவன் மாதிரி தான் தெரிவான். பஜார் சீன் வேணும்னா விடியக்காலைல கடை ஷட்டர் எறங்கியிருக்கும்போது எடுங்க, ஷட்டர் எல்லாம் சாம்பல், பாதி வேலை மிச்சம்.

படி 2: கழிச்சுக் கழிச்சு ஹீரோ கலருக்கு வாங்க

பிடிச்ச கலர்ல இருந்து ஆரம்பிச்சா எங்கள மாதிரி ஆயிடும். கணக்கு நோட்ட வெச்சுக்கிட்டு அடிச்சுட்டே வாங்க. பச்சை போச்சு. பச்சைக்கு நேர் எதிர்ல நிக்கறது சிவப்புன்னு ரெண்டாவது கேப்ப சிவப்புல தைச்சோம், தோட்டத்துல அருமையா இருந்துச்சு, ஆனா க்ளைமாக்ஸ் லைன் வீட்டுக் கூரை மேல, கூரையும் சிவப்பு பாதையும் செம்மண்ணு, மறுபடியும் ஆள காணோம். நீலம்? தூரத்து மலை, மலை ரயிலு நீலமும் க்ரீமும், லைன் வீட்டு முன்னாடி எல்லாம் நீலத் தார்ப்பாய். கருப்புக்கு மிஸ்ட் ஆகாது, அது ஏன்னு படி 6ல சொல்றேன். மிஞ்சினது கடுகு மஞ்சள்.

மஞ்சள் எங்க இருந்து வந்ததுன்னு கதைக்குள்ள ஒரு காரணம் வேணும்ல. அம்மா மழைக்கு இடுப்புல கட்டிக்கிட்டு போற பிளாஸ்டிக் தாள் மஞ்சளா இருக்கட்டும்னு வெச்சோம், முதல் சீன்ல அத கட்டிக்கிட்டு மழைல பறிக்கறாங்க, பையன் கேப் கதைப்படி அதுல இருந்து வெட்டினது. வசனமே இல்லாம விஷயம் போயிடுச்சு. மின்னல் முரளி பாத்தவங்களுக்கு தெரியும், 2021ல வந்த மலையாளப் படம், அதுல ஹீரோவே டெய்லர், மொதல்ல வேட்டியும் முகத்துல துண்டும் கட்டிக்கிட்டு தான் சண்டைக்கு போறான், நல்ல ட்ரெஸ் கடைசில தான் வருது, அந்த ட்ரெஸ் எங்கிருந்து வந்ததுன்னு யாரும் கேக்க மாட்டான்.

இப்ப புடுங்கற வேலை. மஞ்சள்னு முடிவானதும் லொகேஷன்ல மஞ்சளா என்னென்ன இருக்குன்னு பாத்தா அடேயப்பா. பிளாஸ்டிக் ட்ரம், தண்ணி கேன் மூடி, ரோட்டோர மைல்கல், ஒரு வீட்டுக் கதவு, பூத்து நிக்கற சீகை மரம், ஆட்டோ. ட்ரம்முக்கு சாக்கு போட்டோம். கதவுக்காரர்ட்ட கேட்டு சாம்பல் டிஸ்டம்பர் அடிச்சு ஷூட்டிங் முடிஞ்சதும் பழையபடி அடிச்சுக் குடுத்தோம், புதுசா பெயின்ட் கிடைச்சதுல அவருக்கு சந்தோஷம். சீகை மரத்த ஒண்ணும் பண்ண முடியாது, கேமரா ஆங்கிள மாத்தினோம். எல்லாம் முடிச்சு ஷாட் வெச்சா வளைவுல மண்சரிவ அள்ள ஒரு ஜேசிபி வந்து நிக்குது, ஹீரோவ விட பெருசா, ஹீரோவ விட மஞ்சளா. ரெண்டு மணி நேரம் டீ குடிச்சோம்.

இந்த முடிவ பேப்பர்ல எடுக்காதீங்க, துணிய வாங்கி ஒரு முழம் வெட்டி அந்த எடத்துல யாரையாச்சும் போத்திக்கிட்டு நிக்க சொல்லுங்க. எடுத்த போட்டோவ கருப்பு வெள்ளையாவும் மாத்தி பாருங்க, கலர் போனப்பறமும் ஆள் தனியா தெரிஞ்சா தான் பாஸ். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு சண்டை போடும், ஆனா கருப்பு வெள்ளைல ரெண்டும் ஒரே சாம்பல் ஆகிடலாம். இத பெரிய ஆளுங்களே பாத்து பண்ணியிருக்காங்க. 1950கள்ல வந்த சூப்பர்மேன் டிவி தொடர் கருப்பு வெள்ளைல எடுத்த வரைக்கும் அந்த உடுப்பு நிஜத்துல பழுப்பும் சாம்பலும் தான், நீலம் சிவப்பு போட்டா ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சிருக்கும். 2021ல வாண்டாவிஷன் தொடரோட கருப்பு வெள்ளை எபிசோடுல விஷன் கேரக்டருக்கு மூஞ்சில வழக்கமான சிவப்புக்கு பதிலா நீல பெயின்ட் அடிச்சாங்க, சாம்பல்ல அது தான் நல்லா விழுந்துச்சு.

இத எனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது எங்க பெரியப்பா. இந்துநகர்ல எச்.பி.எஃப்ல வேலை பாத்தவர், அதான் 1960ல ஊட்டில ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், இந்துன்னு ப்ராண்டு, இப்ப மூடிக் கெடக்கு. "கலர் பொய் சொல்லும்டா, சாம்பல் சொல்லாது"ன்னு ஃபிலிம் காலத்து ஆளு அப்பவே சொன்னாரு, நான் தான் ரெண்டு கேப் தைச்சப்பறம் கேட்டேன்.

படி 3: வில்லனுக்கும் ஒரு கலர், ஆனா அளவா

இதுக்கு பாடப்புத்தகம் மாதிரி ஒரு படம் இருக்கு, மாஹேல பிறந்த நைட் ஷியாமளன் 2000ல எடுத்த அன்பிரேக்கபிள். ஹீரோவுக்கு பச்சை, எதிராளிக்கு ஊதா. ஹீரோ போடறது ஒரு பச்சை மழைக்கோட்டு, செக்யூரிட்டி வேலைக்கு போடற கோட்டு, அவ்ளோதான் கேப். 2019ல வந்த க்ளாஸ்ல மூணாவது ஆளுக்கு மஞ்சள். மிச்ச உலகம் எல்லாம் வெளிறிப் போய் கெடக்கும், அதனால தான் அந்த மூணு கலரும் வேலை செய்யுது. பட்ஜெட் இல்லாத நம்மள மாதிரி ஆளுங்க மொதல்ல பாக்க வேண்டிய படம் இது தான்னு நான் அடிச்சு சொல்லுவேன், இதுல இருக்கற கலர் வேலைல முக்காவாசி ஒரு ஜவுளிக்கடைலயே முடிஞ்சுடும்.

எங்க வில்லனுக்கு நாங்க தனியா கலர் எடுக்கல, ஹீரோ மஞ்சளயே அழுக்காக்கி பழுப்பு பண்ணி குடுத்தோம், ஒரே எஸ்டேட்ல வளந்த பசங்க ரெண்டு பேருன்னு கதை. பிடிச்சவங்களும் இருக்காங்க, குழப்பமா இருந்துச்சுன்னு சொன்னவங்களும் இருக்காங்க.

படி 4: செட், அதாவது ஊரையே ஒரு கேரக்டரா கட்டறது

இங்க தான் நிறைய பேரு சறுக்கறாங்க. செட்டுன்னா பெருசா கட்டணும்னு நினைக்கறது. கோத்தம் நகரத்த எடுத்துக்கோங்க, ஒரே ஊரு, ஒரே பேட்மேன். 1989ல ஆன்டன் ஃபர்ஸ்ட் லண்டன் பக்கத்துல பைன்வுட் ஸ்டூடியோ பின்னாடி அந்த ஊர கட்டினாரு, கட்டடமெல்லாம் மேல வந்து விழற மாதிரி நெருக்கம், வானமே தெரியாது, கருப்பு, இரும்பு, புகை, அதுக்கு ஆஸ்கர் கிடைச்சுச்சு. 1995ல பார்பரா லிங் அதே ஊருக்கு நியான் போட்டு திருவிழாக் கடை மாதிரி ஆக்கினாங்க. 2008ல நேதன் க்ரௌலி சிகாகோ நகரத்தையே கோத்தம்னு காட்டினாரு, கண்ணாடி, ஸ்டீல், நேர்க்கோடு, பட்டப்பகல், பேங்க்ல கொள்ளை நடந்தா நம்ம ஊரு பேங்க்ல நடக்கற மாதிரி பயமா இருக்கும். 2022ல ஜேம்ஸ் சின்லண்ட் வேலைல மழையும் சோடியம் விளக்கு ஆரஞ்சும், ஈரச் செவரும், கொஞ்சம் லிவர்பூல் கொஞ்சம் கிளாஸ்கோ. நாலு ஊருலயும் பேட்மேன் கருப்பு தான், ஆனா 89ல அவன் அந்த ஊரோட புள்ள, 2008ல அந்த ஊருக்கு வந்த அந்நியன் மாதிரி தெரிவான். ட்ரெஸ் மாறல, செவரு மாறுச்சு.

அதனால முதல் கேள்வி இது தான்: உங்க ஹீரோ இந்த ஊருக்குள்ள ஒட்டறானா, ஒட்டாம நிக்கறானா? பதில் தெரிஞ்சா செவத்துக்கு என்ன அடிக்கணும்னு தெரிஞ்சுடும். தமிழ்ல 2023ல வந்த மாவீரன் பாருங்க, அதுல பெரிய வில்லன்னு நான் நினைக்கறது அந்த அடுக்குமாடி தான், கை வெச்சா பேந்து வர்ற சிமென்ட், விரிசல் மேல பெயின்ட். அந்தக் கட்டடத்த நம்பலன்னா படமே இல்ல.

அப்புறம் பொருள். கலர்னா பெயின்ட் மட்டும் இல்லைங்க, தகரத்தோட சாம்பல் வேற, சிமென்ட்டோட சாம்பல் வேற. டீ ஃபேக்டரிக்குள்ள போய் பாருங்க, இலை வாட வைக்கற நீளத் தொட்டி, உருட்டற ரோலர், பித்தளைல மங்கின மினுமினுப்பு, தூசி எல்லாம் செம்பழுப்பு, மர ஜன்னல்ல இருந்து சாஞ்சு விழற வெளிச்சம். சூப்பர்ஹீரோவுக்கு சக்தி கிடைக்கற லேப்ப செட்டு போட்டு நீல டியூப்லைட்டு சொருகறதுக்கு பதிலா இப்படி ஒரு பழைய ஃபேக்டரிய நாலு நாள் வாடகைக்கு எடுத்தா எந்த வெளிநாட்டுப் படத்துலயும் இல்லாத லேப் கிடைக்கும். மேனேஜர்ட்ட பறிப்பு கம்மியா இருக்கற மாசமா பாத்து கேளுங்க, ஓடற ஃபேக்டரிய நிறுத்தி குடுக்க மாட்டாங்க.

முழுசா கட்டத் தான் வேணும்னா அதுக்கும் பக்கத்துலயே உதாரணம் இருக்கு, கொடைக்கானல் குணா குகை. 2024ல மஞ்ஞும்மல் பாய்ஸ் படத்துக்கு அஜயன் சாலிசேரி அந்தக் குகைய கேரளால பெரும்பாவூர் பக்கம் ஒரு குடோன்ல கட்டினாரு. சூப்பர்ஹீரோ படம் இல்ல தான், ஆனா பாறைக்கு ஈரம், பாசி, மண் வடியறது எப்படி பண்றதுன்னு கத்துக்க அத விட நல்ல பாடம் கிடையாது. நம்ம மலை செவத்துல ஆடி மாசத்துக்கப்பறம் கருப்பு பூஞ்சை படியும்ல, அத போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஏஜிங் பண்ற, அதாவது செட்ட பழசாக்கற பெயின்டருக்கு காட்டலாம். பூஞ்சை மேல இருந்து கீழ தான் வழியும், கூரை ஒழுகற எடத்துல ஆரம்பிக்கும், நம்ம ஆளுங்க பஞ்சுல தொட்டு செவரு முழுக்க ஒரே சீரா அடிச்சு வெப்பாங்க, பாத்தாலே பொய்யின்னு தெரியும். இன்னொண்ணு, கீழ நாட்டுல ரெண்டு மணி நேரத்துல காயற டிஸ்டம்பர் இங்க மழைக்காலத்துல மறுநாள் வரைக்கும் ஒட்டும், ஷெட்யூல்ல ஒரு நாள் சேத்துக்கோங்க.

ப்ளாக் பேந்தர் பத்தி சொல்லாம இந்தப் படிய முடிக்க முடியாது. 2018 படம், ஹன்னா பீச்லர் ப்ரொடக்‌ஷன் டிசைனர், வகாண்டாங்கற இல்லாத நாட்டுக்கு தெரு, போக்குவரத்து, ஒவ்வொரு இனத்துக்கும் கலர், கட்டட பாணின்னு 500 பக்கத்துக்கு மேல ஒரு கையேடு தயார் பண்ணாங்க. அந்த வேலைக்கு ஆஸ்கர் வாங்கின முதல் கருப்பினத்தவர் அவங்க, காஸ்ட்யூமுக்கு ரூத் கார்ட்டரும் அப்படித்தான். கொரியாவுல பூசான் சூதாட்ட விடுதி சீன்ல ஹீரோவும் கூட வர்ற ரெண்டு பெண்களும் கருப்பு, சிவப்பு, பச்சைன்னு வருவாங்க, சேத்து பாத்தா ஆப்பிரிக்க ஒற்றுமைக் கொடி. எல்லைக் காவல் இனம் போத்தியிருக்கற போர்வை லெசோத்தோ மக்கள் நிஜமாவே போத்தற போர்வை.

இத பாத்துட்டு நம்ம பசங்களுக்கு மொதல்ல தோணறது நீலகிரி பழங்குடி தோடர் மக்களோட போர்வை, பூத்துக்குளி தான். வெள்ளைத் துணில சிவப்பும் கருப்பும் நூலு, 2013ல புவிசார் குறியீடு கிடைச்ச எம்ப்ராய்டரி, கேமரால அள்ளும். எங்க கேமராமேனும் கேட்டான், கேப்பே அதுல பண்ணிடலாமான்னு. நான் ஒத்துக்கல. அது அவங்க சடங்குக்கு போத்தற துணி, கடைல வாங்கி முதுகுல கட்டிக்கிட்டு மாடில இருந்து குதிக்கறதுக்கு இல்ல. கதைல தோடர் கேரக்டர் இருந்து, அவங்க குடியிருப்பான மந்துல உக்காந்து பெரியவங்கள்ட்ட பேசி, தைக்கற பெண்களுக்கு கூலி குடுத்து, அவங்க சரின்னு சொன்னா மட்டும் யோசிங்க. அந்த மூணு கலரோட அளவ மட்டும் கத்துக்கலாம், நிறைய வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, அத அடக்கற கருப்பு, அதுக்கு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

படி 5: துணி

சாட்டின் வேண்டாம், பளபளப்பு வானத்து வெள்ளைய வாங்கி கலர தின்னுடும். லைக்ரா ஃபிட்டா இருக்கும், ஆனா ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி தெரியும். நாங்க கடைசில எடுத்தது கனமான காடாத்துணி, சாயம் போட்டு, கல்லுல அடிச்சு, முட்டில உப்புத்தாள் தேச்சு பழசாக்கினது. 2013 மேன் ஆஃப் ஸ்டீல்ல சூப்பர்மேன் உடுப்பு கருநீலமா, வெளிய போடற சிவப்பு ட்ரவுசர் இல்லாம, பக்கத்துல போனா வலை வலையா இருக்கும், 2025 படத்துல ட்ரவுசர் திரும்பி வந்துருச்சு, துணியும் துணி மாதிரி மடிப்பு விழுது. எனக்கு ரெண்டாவது தான் பிடிச்சுது, பறக்கறவனுக்கும் அம்மா துவைச்சுப் போட்ட மாதிரி இருக்கணும்.

மலைல ஒரு பெரிய தலைவலி ஈரம். மிஸ்ட்ல பத்து நிமிஷம் நின்னா காட்டன் ரெண்டு ஷேடு கருத்துடும், லன்ச் முடிஞ்சு காஞ்சதும் மறுபடி வெளுத்துடும், எடிட்ல பாத்தா ஒரே சீன்ல ஹீரோ ரெண்டு கலர். குறைஞ்சது மூணு கேப் தைச்சு ஒண்ண ஈரமாவே வெச்சுக்கோங்க, ஸ்ப்ரே பாட்டில் காஸ்ட்யூமர் கைலயே இருக்கணும்.

கிராஃபிக்ஸ் வேலை இருந்தா துணி கலர கிராஃபிக்ஸ் ஆளுட்ட கேக்காம முடிவு பண்ணாதீங்க. 1978 சூப்பர்மேன்ல ப்ளூ மேட், அதான் அப்புறம் வேற காட்சிய ஒட்டறதுக்காக பின்னாடி கட்டற நீலத் திரை, அதுக்கு முன்னாடி நீல உடுப்பு போட்டு நின்னா உடம்பே காணாம போயிடும்னு அந்த ஷாட்டுக்கு மட்டும் கொஞ்சம் பச்சை கலந்த நீலத்துல தனி உடுப்பு வெச்சாங்க. 2002 ஸ்பைடர்மேன்ல நீலம் இருக்கறதால ஹீரோவுக்கு க்ரீன் மேட், பச்சையா இருக்கற காப்ளினுக்கு ப்ளூ மேட், பறந்து பறந்து போடற சண்டைல ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்து தான் சேத்தாங்க. தேயிலைத் தோட்டத்துக்குள்ள க்ரீன் மேட் கட்டறவங்கள நான் பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

படி 6: மிஸ்ட்டும் வெளிச்சமும்

மிஸ்ட்டுங்கறது காத்துல மிதக்கற தண்ணித் துளி, அது எல்லா கலரையும் ஒரே மாதிரி சிதறடிக்கறதால கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவுல ஒரு வெள்ளைத் திரை விழுந்த மாதிரி. தூரம் போகப் போக எல்லாத்துலயும் வெள்ளை கலக்கும். இதுல மொதல்ல அடி வாங்கறது கருப்பு. இருபது அடி தள்ளி நிக்கற கருப்பு கேப் அடுப்புச் சாம்பல் ஆயிடும், அதனால தான் ஊட்டில பேட்மேன் ஸ்டைல் ஹீரோ எடுபட மாட்டான்னு சொல்றேன். மிஸ்ட்ல ஹீரோவ கேமராவுக்கு பக்கத்துல வெச்சு வில்லன தூரத்துல வைங்க, அவன் தானா ஆவி மாதிரி வருவான், ஒரு பைசா செலவு இல்ல. புகை மிஷினே வேண்டாம், ஆனா மிஸ்ட் உங்க ஷெட்யூல கேக்காது. மேற்கால ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை, கிழக்கால குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகைல தான் கொட்டும், இத வெச்சு பாதி ப்ளான் பண்ணலாம். டிசம்பர் ஜனவரில தலைகுந்தா பக்கம் விடியக்காலைல புல்லெல்லாம் உறைபனி வெள்ளை, அங்க எந்தக் கலர் போட்டாலும் அடிச்சுத் தூக்கும், வெயில் ஏறினதும் ஒண்ணும் இருக்காது, ஒரு மணி நேரம் தான்.

வெளியூர் யூனிட்னா நீலகிரிக்குள்ள வண்டி வர்றதுக்கு 2024 மே மாசத்துல இருந்து வந்த இ-பாஸ் விஷயத்த பாத்துக்கோங்க, வனத்துறை எடம்னா அனுமதி இல்லாம ட்ரைபாட கூட எறக்காதீங்க.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ, அதான் கேமரா தானா கலர சரி பண்ணிக்கறத, மொதல்ல ஆஃப் பண்ணுங்க. ஃப்ரேம் முழுக்க பச்சை இருந்தா கேமரா பயந்து போய் மஜெந்தா ஏத்தும், மூஞ்சி எல்லாம் ரோஸ் ஆகும். வெயிலுக்கு 5500 கெல்வின், மேகத்துக்கு 6500ல இருந்து 7000ன்னு கையால வெச்சு பூட்டிடுங்க. அடுத்தது பச்சை அடிக்கறது, மார்பு உயரச் செடிக்குள்ள நின்னா கீழ இருந்து பச்சை வெளிச்சம் தாடைல ஏறும், ஹீரோ காமாலை வந்தவன் மாதிரி இருப்பான், ஒரு வெள்ளை தெர்மகோல் ஷீட்ட ஃப்ரேமுக்கு வெளிய படுக்க வெச்சா சரியாயிடும். சாயங்காலம் இருட்டறப்ப கண்ணுக்கு சிவப்பு சீக்கிரம் கருத்து நீலம் பச்சை தெளிவா தெரியும், கேமரா அப்படி பாக்காது, அந்த நேரத்துல உங்க கண்ண நம்பாம மானிட்டர நம்புங்க.

ராத்திரிக்கு 2022 பேட்மேன்ல வெள்ளத்துக்குள்ள தீப்பந்தம் மாதிரி சிவப்பா எரியற ஃப்ளேர் பிடிச்சுக்கிட்டு ஜனங்கள கூட்டிட்டு போற சீன் பாருங்க. படம் பூரா இருட்டு, இருட்டுக்குள்ள பயந்து ஓடின ஜனம் கடைசில அந்த ஒரு சிவப்பு பின்னாடி நடக்குது. அந்தச் சிவப்ப முன்னாடியே கண்டபடி செலவு பண்ணியிருந்தா இந்த சீன் செத்திருக்கும்.

படி 7: செவத்துல ஒட்ட ஒரு கலர் பட்டை

சார்ட் பேப்பர நீளமா வெட்டி சீனுக்கு ஒரு கட்டம் போடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த சீன்ல அதிகமா இருக்கப் போற மூணு கலர மட்டும் பூசுங்க, ஸ்கெட்ச் பென் போதும். அனிமேஷன் ஆளுங்க இத விடாம பண்ணுவாங்க. 2018ல ஸ்பைடர்-வெர்ஸ் படம் பழைய அச்சுப் புள்ளியையும், கலர் தள்ளி விழற அச்சுப் பிழையையும் வேணும்னே கொண்டு வந்துச்சு, 2023ல வந்த அடுத்த பாகத்துல க்வென்ங்கற பொண்ணு அவ அப்பாகிட்ட பேசறப்ப செவத்துக் கலரே அவ மனசோட சேந்து வாட்டர்கலர் மாதிரி வழியும். நம்மால வழிய விட முடியாது, ஆனா சோக சீனுக்கு மிஸ்ட் நேரம், சண்டைக்கு வெயில் நேரம்னு பிரிக்கலாம்ல. எங்க பட்டைல மஞ்சள் முதல் கட்டத்துல ஒரு துளி, நடுவுல அஞ்சு கட்டத்துக்கு இல்லவே இல்ல, கேப் வர்ற கட்டத்துல பாதி. அந்த அஞ்சு கட்டம் தான் எல்லாத்தையும் விட கஷ்டம், யாராச்சும் ஒரு மஞ்சள் பிஸ்கட் பாக்கெட்டோட ஃப்ரேம்ல உக்காந்திருப்பாங்க.

படி 8: டி.ஐ.

டி.ஐ.ன்னா எடுத்த படத்துக்கு கம்ப்யூட்டர்ல கலர சரி பண்றது, இது பத்தி எல்லாரும் பக்கம் பக்கமா எழுதறாங்க, நான் சுருக்கமா முடிச்சுக்கறேன். செட்டுலயும் துணிலயும் பண்ணாத வேலைய டி.ஐ.ல பண்ண முடியாது. பச்சை கேப்ப கலரிஸ்ட்ட குடுத்து "இத மட்டும் மஞ்சள் ஆக்குங்க"ன்னு நாங்க கேட்டோம், அவர் தோட்டத்த மொத்தமா மஞ்சளாக்கி காட்டி சிரிச்சாரு. எல்லாத்தையும் சாம்பல் நீலமாக்கினா சீரியஸ் படம் ஆயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, 2016ல சிவில் வார் ஏர்போர்ட் சண்டைல அத்தனை கலர் ட்ரெஸ் போட்ட ஆளுங்க இருந்தும் எனக்கு ஞாபகம் இருக்கறது கான்க்ரீட் தான். 2022 பேட்மேன டிஜிட்டல்ல எடுத்து, ஃபிலிம்ல ப்ரின்ட் போட்டு, அத மறுபடி ஸ்கேன் பண்ணாங்கன்னு பெரியப்பாகிட்ட சொன்னேன், "ஃபேக்டரிய மூடிட்டு இப்ப ஃபிலிம தேடறானுங்களா"ன்னு கேட்டுட்டு டிவி பாக்கப் போயிட்டாரு.

டி.ஐ.க்கு போறப்ப கேப்ல இருந்து வெட்டின ஒரு துண்டு துணிய கைல எடுத்துட்டு போங்க, ஸ்கிரீன் பக்கத்துல வெச்சு பாக்கறதுக்கு. மிச்சத் துணிய பீரோல வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம்ம ஊருக்கு பூஞ்சை பிடிக்கும், பழைய பேப்பர்ல சுத்தி வைங்க. ரீ-ஷூட் வந்தா அதே மஞ்சள மறுபடி சாயம் போட்டு கொண்டு வர்றது நடக்காத காரியம், எங்களுக்கு நாலாவது கேப் அப்படித்தான் ஆரஞ்சாப் போச்சு.